நவரத்தினம் அத்தான் போடாத வேலி

நவரத்தினம் அத்தானைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. என் அக்கா வசந்தமலரை அவர் கட்டிய நாள்முதல் எனக்கும் அவருக்கும் ஒத்துவந்ததே கிடையாது. ஆனால் உழைப்பில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, புக்கெகோஹி என்ற ஊரில் வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபது வருடம் நின்று, முதுகு வளைந்த பிறகு அந்த ஊரிலேயே ஐந்து ஏக்கர் செம்மண் வாங்கினார். கீழ்ப்பக்கம் ஓர் ஓடை. ஓடையை ஒட்டிய துண்டில்தான் மண் நல்லது. அங்கே உருளைக்கிழங்கு போட்டார்.

ஒருநாள் அரசாங்கத் திட்டம் ஒன்றிலிருந்து ரேச்சல் என்ற பெண் வந்தாள். கரை அரித்துக்கொண்டு போகிறது, வேலி அடைத்து இந்த நாட்டு மரங்களை நட்டால் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே தரும், வேலிக்குள் வரும் நிலத்தில் மட்டும் பயிர் செய்யக்கூடாது என்றாள். வேலி வரும் இடத்தைக் காட்ட, நாடா கட்டிய குச்சிகளை ஊன்றிவிட்டுப் போனாள். அவளுடைய கார் வாசல் படலையைத் தாண்டுமுன்பே அத்தான் குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ? சும்மா வாற காசு. பக்கத்துத் தோட்டக்காரன் எப்பவோ வாங்கிட்டான்!" என்று கத்தினேன்.

"வேலி போட வாறவன் திரும்பிப் போறேல்லை, பார்த்தீபன்," என்றார். அடுத்த குச்சியையும் பிடுங்கினார்.

அக்காதான் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். "அவரோட கத்தாதை. ஊரில, வலிகாமத்தில, அவையின்ர காணியைப் பிடிச்சுச் சுத்தி ஆமி முள்ளுக்கம்பி அடிச்சது உனக்குத் தெரியும்தானே. மாமா, அவற்ற அப்பா, கம்பிக்கு இஞ்சால நிண்டு பாத்துப் பாத்தே கண்ணை மூடினவர்."

தெரியும்தான். தெரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ரேச்சல் மறு வருடமும் வந்தாள், அதற்கடுத்த வருடமும் வந்தாள். அத்தான் தேத்தண்ணி கொடுத்து நன்றாகவே உபசரிப்பார். கையெழுத்து என்றால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார்.

பிறகு ஒரு ஜனவரியில் அந்தப் பேய்மழை பெய்தது. மழை விட்டதும் போனேன். பக்கத்துத் தோட்டத்தில் மரங்கள் சேறு அப்பி நின்றன, கரையும் நின்றது. அத்தானின் பக்கம் கரை இருந்த இடத்தில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்குத் துண்டு மண்ணோடு போய்விட்டது. வாய்க்கு வந்தபடி ஏசுவதென்றுதான் போயிருந்தேன். அவர் முகத்தைக் கண்டதும் பக்கத்தில் போய் நின்றேன்.

"அங்க ஆமி எடுத்தது. இஞ்ச நானே குடுத்திட்டன்," என்றார்.

அடுத்த மாதம் ரேச்சல் வந்தாள். மிஞ்சிய கரைக்காவது உதவி கிடைக்கும் என்றாள். அத்தான் மறுபேச்சில்லாமல் பேனையை வாங்கினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் எழுதப்போனவர் நிமிர்ந்து, தன் உடைந்த ஆங்கிலத்தில் அவளிடம் கேட்டார்:

"வேலி போட்ட பிறகு நான் எந்தப் பக்கம் நிற்கவேண்டும்?"

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை, பாவம். "எந்தப் பக்கமும் நிற்கலாம். இது உங்கள் நிலம்தானே?" என்று சிரித்தாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "ஆமி கம்பி அடிக்கேக்க எங்கட அப்பாட்டயும் உப்பிடித்தான் சொன்னவங்கள்," என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்தை வைத்தார்.