டாக்டர் செரெக்கின் கொதிநிலை ஆராய்ச்சி

குணபூசணிக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது பிரிக்பீல்ட்ஸில் இருந்த யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து வாழ்த்தினார்கள். வாழ்த்திய கையோடு ஆளுக்கொரு வியாதியைச் சொல்லி மருந்தும் கேட்டார்கள். தான் வேதியியல் டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று அவள் விளக்கியதில் பலருக்கு ஏமாற்றம். ஒரு மாமி மட்டும், பரவாயில்லை, அடுத்த முறை கவனமாகப் படித்தால் கிடைத்துவிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் கடைவீட்டு மாடி காலியானாலும் அங்கே ஒரு கல்லூரி முளைத்தது. அப்படிப் பெட்டாலிங் ஜெயாவில் முளைத்த ஒன்றில்தான் குணபூசணி வேதியியல் கற்பித்தாள். கல்லூரிக்கு லிஃப்ட் இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் வேலை செய்ததாக யாருக்கும் நினைவில்லை. இருந்தாலும் முதல்வருக்கு ஒரு கனவு இருந்தது. கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்த வேண்டும். அதற்கு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வேண்டும். அதற்காக ஆசிரியர் அறைச் சுவரில் ஓர் அட்டையை ஒட்டி, அதில் எல்லோர் பெயரையும் எழுதி, கட்டுரை ஒன்று வெளியானால் பெயருக்கு எதிரே ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டச் செய்தார். பாலர் பள்ளியில் பாலைச் சிந்தாமல் குடிக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டுவார்களே, அதே நட்சத்திரம்தான்.

குணபூசணிக்கு இரண்டு நட்சத்திரம். நிர்வாகவியல் துறையின் வாசுவுக்கு அட்டையில் இடம் போதாமல், அவருடைய நட்சத்திரங்கள் சுவரில் இறங்கி ஜன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வாசுவின் ஞானத்துக்கு எல்லை இல்லை. மீன் வளர்ப்பு பற்றி எழுதினார், சாலை நெரிசல் பற்றி எழுதினார், தாய்ப்பால் பற்றியும் எழுதினார். எல்லாம் ஒரே பத்திரிகையில் வந்தன: ‘அனைத்துலக உயர் அறிவியல் இதழ்’. அனைத்துலகத்துக்கும் பொதுவான அந்த இதழின் அலுவலகம் கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கில விரிவுரையாளர் ஜெய்னம்புதான் அதைக் கண்டுபிடித்தாள். முன்பு அந்த மாடியில் தையல் வகுப்பு நடந்ததாகவும், அங்கே வேலை ஒழுங்காக நடந்த காலம் அதுதான் என்றும் அவள் சொன்னாள்.

ஆண்டு மதிப்பீட்டில் முதல்வர் குணபூசணியைக் கூப்பிட்டு, வாசுவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். தன் கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றின் பரிசீலனையில் இருப்பதையும், அதைச் சோதித்தவர்கள் பக்கம் பக்கமாகக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பதையும், அந்தக் குறைகளில் பாதி நியாயமானவை என்பதால் மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதையும் அவள் விளக்கினாள். குறை சொல்கிற பத்திரிகைக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்று முதல்வர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

வாசு கெட்டவர் இல்லை. படிக்கட்டில் அவளைப் பார்த்ததும் பரிவோடு நின்றார்.

“டாக்டர், நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க லா. யோசிச்சுக்கிட்டே இருந்தா பேப்பர் எப்படி வரும்?”

அந்த வாக்கியத்தை அவள் வகுப்புக்கு எடுத்துப்போனாள், வீட்டுக்கு எடுத்துப்போனாள், சோற்றோடு பிசைந்தும் பார்த்தாள். இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் கேன்டீனில் ஜெய்னம்புவிடம், யோசிக்காமல் ஒன்று எழுதிப் பார்த்தால் என்ன என்றாள். ஜெய்னம்பு தட்டை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

கட்டுரையின் தலைப்பு, ‘கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீரின் கொதிநிலை: கிழமைவாரியான ஓர் ஆய்வு’. திங்கட்கிழமைகளில் தண்ணீர் கொதிக்க மறுக்கிறது, சனிக்கிழமை தொண்ணூற்றொரு டிகிரியிலேயே உற்சாகமாகக் கொதித்துவிடுகிறது, பொதுவிடுமுறை நாட்களில் அதைவிடச் சீக்கிரம் என்று அதில் நிறுவியிருந்தார்கள். ஆகவே எரிவாயுவைச் சேமிக்க அரசாங்கம் விடுமுறைகளை அதிகரிக்க வேண்டும் என்பது முடிவு. மேற்கோள் பட்டியலில் ஒரு ரயில் நேர அட்டவணையும் ஜெய்னம்புவின் அண்ணன் கல்யாணப் பத்திரிகையும் இருந்தன. இணையாசிரியர், கேரி தீவு உயர்கொதிப்பு ஆராய்ச்சி மையத்தின் டாக்டர் எஸ். செரெக். செரெக் என்றால் மலாயில் தண்ணீர் காய்ச்சும் கேத்தல். இந்த நாட்டில் பேச ஆரம்பித்த பிள்ளைக்கும் அது தெரியும். படித்தால் பிடித்துவிடுவார்கள் என்று ஜெய்னம்பு பயந்தாள். படித்தால்தானே என்றாள் குணபூசணி.

இதழ் கேட்ட கட்டணத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். சில நாட்களிலேயே ஃபேக்ஸ் வந்தது. இரண்டு நிபுணர்கள் கட்டுரையை நுணுக்கமாக ஆராய்ந்திருந்தார்கள். முதல் நிபுணரின் கருத்து: ‘மிக நன்று.’ இரண்டாமவர் கண்டிப்பானவர். துறை சார்ந்த முன்னோடி ஆய்வுகளைக் குறிப்பிடத் தவறியது பெருங்குறை என்று கண்டித்து, வாசுவின் மீன் வளர்ப்புக் கட்டுரையையும் சாலை நெரிசல் கட்டுரையையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது நிபுணர் யார் என்று கண்டுபிடிக்க இருவருக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை. குணபூசணி கீழ்ப்படிந்து ஒரு வாக்கியம் சேர்த்தாள்: ‘கொதிக்கும் தண்ணீரில் மீன் வளர்ப்பது கடினம் என்பதை வாசுவின் ஆய்வுகள் மறுக்கவில்லை.’

கட்டுரை அச்சில் வந்தது. அவள் பெயருக்கு எதிரே மூன்றாவது நட்சத்திரம் ஏறியது. முதல்வர் வகுப்பறை வாசல்வரை வந்து கை கொடுத்தார். வாசு, பார்த்தீர்களா, சுலபம்தானே என்று சிரித்தார். அன்றே உண்மையைச் சொல்லிவிடத்தான் அவள் நினைத்திருந்தாள். அதற்குள், இதழின் தலைமை ஆசிரியர் பேராசிரியர் டாக்டர் பாலன், கிள்ளானில் ஒரு ஹோட்டலில் தாம் நடத்தும் அனைத்துலக மாநாட்டில் டாக்டர் செரெக் சிறப்புரை ஆற்ற வேண்டும் என்றும், ஆசிரியர் குழுவிலும் சேர்ந்து வழிநடத்த வேண்டும் என்றும் அழைப்பு அனுப்பிவிட்டார். ஒரு கேத்தலுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும்போது குறுக்கே நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

மாநாட்டன்று சனிக்கிழமை. பதிவு மேசையில் இருந்த பெண், டாக்டர் செரெக் வரவில்லையா என்று கேட்டாள். ஜெய்னம்பு பைக்குள் கையை விட்டு மின்சாரக் கேத்தலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“வந்துட்டாரு.”

அந்தப் பெண் அதை நினைவுப் பரிசு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நன்றி சொல்லி டாக்டர் செரெக்கின் பெயர் அட்டையைக் கொடுத்தாள். ஜெய்னம்பு அதைக் கேத்தலின் மூக்கில் மாட்டிவிட்டாள்.

சிறப்புரை நேரத்தில் குணபூசணி, செரெக்குக்குப் பதிலாக மேடையேறிக் கேத்தலை வைத்து, தண்ணீர் ஊற்றி, வெப்பமானியைச் செருகினாள். இந்த நிமிடத்தை நினைத்து அவள் பல நாட்கள் தனியாகச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆவி கிளம்பியதும் மைக்கைப் பிடித்தாள்.

“இன்னிக்குச் சனிக்கிழமை. எங்க கட்டுரைப்படி தண்ணி தொண்ணூத்தியொண்ணுல கொதிக்கணும். இது நூறைத் தொடுது. என்னிக்கும் இப்படித்தான் கொதிக்கும். அந்தக் கட்டுரை முழுக்கப் பொய். எழுதுனது நான், கூட எழுதுனவரு இந்தக் கேத்தல். இந்தப் பத்திரிகையில யாரும் எதையும் படிக்கிறதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மண்டபம் அமைதியானது. மேடையோரத்தில் கைத்தொலைபேசியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த பாலன், அமைதியைக் கேட்டதும் உரை முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு மைக்கை வாங்கினார். மிகவும் பயனுள்ள செய்முறை விளக்கம் என்று பாராட்டினார். கேள்வி உண்டா என்றார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த முடிவுகள் காப்பிக்கும் பொருந்துமா என்று கேட்டார். கைதட்டினார்கள். தேநீர் இடைவேளை விட்டார்கள்.

முன்வரிசையில் வாசு மட்டும் கைதட்டாமல் இருந்தார். அவருக்குப் புரிந்திருந்தது.

தேநீர் மேசை அருகே ஜெய்னம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குணபூசணியும் அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினாள். ஒரு பெண் கையில் அந்த இதழின் பழைய பிரதியோடு அவர்கள் முன்னால் வந்து நின்றாள். பெயர் சீதாலெட்சுமி, ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்திருந்தாள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வாசிப்பில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று வாரக்கடைசிகளில் பஸ் பிடித்துத் தோட்டம் தோட்டமாகப் போய் எழுதிய கட்டுரை அந்த இதழில் வந்திருந்தது. நடுவில் ஒரு பக்கம் யாருடைய சிமெண்டு ஆராய்ச்சியோ கலந்திருந்ததை அச்சுப் பிழை என்று அவள் நினைத்திருந்தாள்.

“அப்போ என்னோடதையும் யாரும் படிக்கலையா அக்கா?”

குணபூசணி சிரிப்பதை நிறுத்தினாள். பாலனைக் குத்த எடுத்த ஊசி இந்தப் பெண்ணின் கையில் ஏறியிருப்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த இதழைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். படித்துச் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.

கல்லூரியில் விசாரணை நடந்தது. விளக்கம் கேட்டு முதல்வர் எழுதிய கடிதத்தில் ‘மோசடி’ என்ற சொல் அவளைக் குறித்து மட்டுமே வந்தது. கட்டுரை பொய் என்று அவளே எழுதிக் கொடுத்த பிறகும் நட்சத்திரத்தை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆண்டறிக்கை அச்சுக்குப் போய்விட்டது, எண்ணிக்கை குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். குணபூசணி ஆசிரியர் அறைக்குப் போய் நகத்தால் சுரண்டி அதை எடுத்தாள். அதற்காகக் கல்லூரி உடைமையைச் சேதப்படுத்தியதாக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. ஆராய்ச்சித் தரத்தைக் காக்க ஒரு புதிய குழு அமைத்தார்கள். அனுபவம் கருதி வாசுவைத் தலைவராக்கினார்கள். பாலனின் இதழ் தலைப்பில் ‘அனைத்துலக’ என்பதை எடுத்துவிட்டு ‘பிரபஞ்ச’ என்று போட்டுக்கொண்டது. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பு, தண்ணீர் கொதிக்கும் கிழமையைக் கண்டுபிடித்த பெண் விஞ்ஞானி என்று அவள் படத்தைப் போட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் சொந்தங்கள் மறுபடி வாழ்த்த வந்தார்கள். அவளுடைய கணவர் சண்முகரத்தினம், ரயில்வேயில் பெரிய கிளார்க், ஒவ்வொருவருக்கும் பொறுமையாக மறுப்புச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் வியாழக்கிழமை காய்ச்சுங்கோ, நல்லாக் கொதிக்கும் என்று அனுப்பிவைத்தார்.

இந்த அமளிக்கு நடுவே குணபூசணி சீதாலெட்சுமியின் கட்டுரையை மூன்று முறை படித்தாள். தெரியாத துறை என்பதால் நூலகத்தில் வேறு புத்தகங்களையும் தேடினாள். சொன்னபடி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளையும் மலாய் பேசும் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டது தப்பு, ஆகவே கடைசிப் பகுதி முழுவதும் நிற்காது என்று குணபூசணி சொன்னாள். ஆனால் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கும்போது எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக் குறித்த பகுதி, தான் எங்கேயும் படிக்காதது என்றாள். சீதாலெட்சுமியின் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று குணபூசணி தடுமாறினாள்.

“இல்லக்கா. இவ்வளவு திட்டணும்னா முழுசாப் படிச்சிருக்கணும்.”

அடுத்த சனிக்கிழமை ஜெய்னம்புவும் தான் எழுதி வைத்திருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாநாட்டில் காப்பியைப் பற்றிக் கேட்ட மனிதரும் எப்படியோ விசாரித்து வந்து சேர்ந்தார். ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், பெயர் அப்துல் கனி. அன்றைக்குத் தான் கேலியாகத்தான் கேட்டதாகவும், கைதட்டியவர்கள்தான் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். அட்டையும் நட்சத்திரமும் இல்லாத அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துவந்து, டீ ஆறும்வரை குறை சொன்னார்கள். கடைக்காரர் இரண்டு தடவை இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துச் சமாதானம் செய்ய வந்தார்.

ஒரு சனிக்கிழமை குணபூசணியின் முறை. விசாரணைக்குப் பிறகு தண்டனையாக மாலை வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டிருந்த காலத்தில் அவள் பாடுபட்டு எழுதிய புதிய கட்டுரை அது. சீதாலெட்சுமி இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தி, இது வாசுவின் மீன் கட்டுரையைவிட ஒரு படிதான் மேல் என்றாள். அப்துல் கனி அந்த ஒரு படியையும் ஒப்புக்கொள்ளவில்லை. குணபூசணி காகிதங்களை வெடுக்கென்று பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இவர்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று வழியெல்லாம் பொருமினாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

சாப்பிடக் கூப்பிட வந்த சண்முகரத்தினம், என்ன நடந்தது என்று கேட்டார்.

“என்னைக் கிழிச்சுப் போட்டினம்,” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். “சரியாத்தான் கிழிச்சிருக்கினம். அந்தப் பென்சிலை எடுத்துத் தாங்கோ.”