தங்கை இல்லாத சராசரி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை கொடுத்தால் எவ்வளவு செலவு, எவ்வளவு பலன் என்று வெளிவரும் ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, தேறுவதை மட்டும் சேர்த்துச் சுகாதாரத் துறைக்குச் சொல்வது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு ஆய்வையும் அவளும் நானும் தனித்தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டும். ஜெயிப்பது எப்போதும் அவள்தான். எனக்கு அதில் எரிச்சல் உண்டு, மறைப்பானேன்.

அந்த வாரம் பக்கவாதம். நோயாளியை வார்டில் வைத்துப் பார்ப்பதா, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவதா? வீடுதான் மலிவு என்று நாங்கள் சொன்னால் அரசு மருத்துவமனையின் பக்கவாத வார்டை மூடிவிடுவார்கள். இருவருக்கும் ஒரே விடை வந்தது: வீடு. சண்டையே இல்லை. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"சராசரி போட்டு ஒரே நம்பரா குடுத்துடுங்க. சாயங்காலம் மீட்டிங்."

சாப்பாட்டு நேரத்தில் சல்லடையின் தங்கை போன் செய்தாள். பக்கவாதம் வந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள்.

"இடுப்பு ஒடியுதுக்கா. அவரைத் தூக்கி உக்கார வைக்கவே ரெண்டு ஆள் வேணும். இங்க நான் ஒருத்திதான்."

போனை வைத்த சல்லடை டிபன் பாக்ஸை மூடினாள்.

"ஏங்க, நாம படிச்சதுல எதுலயாவது என் தங்கச்சி இருக்காளா?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மறுபடி புரட்டினோம். பெரும்பாலான ஆய்வுகள் மருத்துவமனையின் செலவை மட்டும் கூட்டியிருந்தன. வீட்டில் பார்த்துக்கொள்பவரின் உழைப்பையும் போன சம்பளத்தையும் சேர்த்தவை இரண்டே. அந்த இரண்டிலும் வீடு மலிவே இல்லை. யாருடைய செலவு என்பதை இருவருமே கவனிக்கவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டால் ஒப்பிட்டு என்ன பயன்!

"ஏம்மா, கடைசி நேரத்துல கழுத்தறுக்குற?" என்றார் மேலாளர்.

"ஆஸ்பத்திரிக்கு லாபம், வீட்டுக்கு நஷ்டம். ரெண்டையும் கலந்து சராசரி போட்டா அது யாரோட கணக்கும் இல்ல சார்."

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாலும் இரண்டு விடைகளையும் தனித்தனியாகவே எடுத்துப் போனார். வார்டு தப்பித்தது. சேதி வந்ததும் சல்லடை துள்ளிக் குதிக்காத குறைதான். உடனே தங்கையைக் கூப்பிட்டாள்.

"உன்னையும் கணக்குல சேத்துட்டோம்டி!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்கா. அப்போ எனக்கு ஒத்தாசைக்கு யாரை அனுப்புறாங்க?"

சல்லடை எழுந்து மேசையைப் பூட்டினாள்.

"நான்தான்டி வரேன்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.