இரண்டு வலைக்கு நடுவில் எழுத்துச் சொல்லித்தந்த டீச்சர்

என் டீச்சர் மௌத்தாகிவிட்டார். நேற்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது அவரைப் பெற்ற உம்மா கேட்டில் நின்று மரணச் செய்தியைச் சொன்னார்.

நஸ்ரின்... எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கற்பிட்டியில் பிறந்து, வெளிநாட்டில் பிளாஸ்மா ஆராய்ச்சி செய்தவர். என் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் எனக்கு டீச்சர்.

இதை நானே எழுதுகிறேன். ஒரு விரலால். காலையில் தொடங்கினேன், இப்போது பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லப் போகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்திருந்தார். என் கிளினிக் கார்டை வாசித்துச் சொல்லக் கேட்டேன். வாசித்துவிட்டு, எத்தனையாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டீர்கள் என்றார்.

"போனாத்தானே மகள் விடுறதுக்கு" என்றேன். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

திரும்பிப் போன பிறகு எழுத்துச் சொல்லித்தர வீடியோ கோல் எடுக்கத் தொடங்கினார்.

அவர் வேலை செய்த இடத்தில் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு ஒரு பெரிய இரும்புக் கூடு இருக்கிறது. டோகமாக் என்று பெயர். அதற்குள் வாயுவைச் சூரியனின் நடுப்பகுதியை விடச் சூடாக்குவார்களாம். அப்போது அது பிளாஸ்மா ஆகிவிடும். சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்து வைக்க வேண்டும். சில செக்கன்தான் நிற்கும்.

"பிடிச்சு என்னத்துக்கு? விக்கேலுமா?" என்று கேட்டேன்.

ஒரு நாளைக்குக் கரண்ட் எடுக்கலாம் என்றார். அதைத்தான் நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து இப்போதே எடுக்கிறார்களே என்றேன். அன்றைக்கு நன்றாகச் சிரித்தார்.

ஒரு தடவை பிளாஸ்மா உண்டாக்குவதை அங்கே ஷாட் என்பார்கள். ஒரு ஷாட் முடிந்தால் காந்தச் சுருள்கள் ஆற வேண்டும். பதினைந்து, இருபது நிமிஷம். எல்லோரும் கோப்பி குடிக்கப் போவார்கள். டீச்சர் எனக்குக் கோல் எடுப்பார். அவருக்குக் காலை, எனக்குப் பின்னேரம். ஓர் இடைவெளிக்கு ஓர் எழுத்து.

'ட' ஒரே நாளில் வந்தது. கோடு கீறினால் போதும். 'ஞ' எழுதிய அன்று, அப்படி அழகான ஒன்றை என் கை செய்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 'ழ'வுக்கு மட்டும் நாலு ஷாட் போனது.

முதலில் ஷாட்டை வெடி என்றுதான் சொன்னார். "இண்டைக்கி பதினாறு வெடி மாமா." ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அவருடைய உம்மா நடுங்கிப்போனார். காலம் கிடக்கிற கிடையில், எங்கள் ஆட்களைச் சந்தேகப்படுகிற நேரத்தில், போனில் வெடி கிடி என்று கதைக்காதே என்று அழுதே விட்டார்.

அதனால் கடலுக்குப் போகிற என்னிடம் இருந்த ஒரு சொல்லைக் கொடுத்தேன். வலை. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஷாட் என்றால் வலை. இன்றைக்கு எத்தனை வலை என்று கேட்பேன். பிளாஸ்மா இடையில் குலைந்து சுவரில் மோதினால், வலை கிழிஞ்சிட்டு என்பார். அடிக்கடி கிழியும். குலைவதற்குச் சற்று முன் அது ஏதோ அடையாளம் காட்டுமாம். அதைத் தேடுவதுதான் அவருடைய வேலை.

எழுத்தெல்லாம் முடிந்ததும், இனி வொய்ஸ் அனுப்பினால் கேட்க மாட்டேன், எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டளை போட்டார். நான் என் மகளைக் கொண்டு ஒன்று எழுதி அனுப்பினேன். உடனே பிடித்துவிட்டார். "ஒரு பிழையும் இல்லியே மாமா. யாரு எழுதின?"

போன கிழமை ஒரு மெசேஜ் வந்தது. "மாமா, வலை கிழிஞ்சிட்டு."

யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன்... முழுவதும். அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அரை மணித்தியாலம் எடுத்து நானே பதில் எழுதினேன். "கிளிஞ்சா தைங்க டீச்சர். நாளைக்கு போடலாம்." சிரிக்கிற படம் ஒன்றும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "கிளி இல்ல மாமா. கிழி."

எனக்குக் கொஞ்சம் ரோசம். இவ்வளவு எழுதியும் ஒரு எழுத்தைத்தானே பிடித்தார் என்று போனை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

அவர் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதினார் என்று நேற்றுத்தான் தெரியும். காய்ச்சல் என்று போயிருக்கிறார். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதாம். உம்மா தனியே இருக்கிறார், சொல்ல வேண்டாம் என்று கூட வேலை செய்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

வொய்ஸில் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எழுத்தில் மூச்சு வாங்குவது கேட்காது.

கேட்டில் நின்று டீச்சரின் உம்மா என்னைக் கேட்டார். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "காக்கா, ஒங்களுக்கிட்ட ஏதும் செல்லினாவா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போனை எடுத்து நீட்டினேன். அழுத கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்களே வாசியுங்கள் என்றார்.

இத்தனை வயதில் முதன்முதலாக ஒருவருக்கு நான் வாசித்துக் காட்டியது அதுதான். அவருடைய மெசேஜை வாசித்தேன். என் பதிலை வாசித்தேன். சிரிக்கிற படம் போட்டதையும் சொன்னேன். எங்கள் பாஷையில் வலை என்றால் என்ன, நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். கடைசியில் கிளியையும் கிழியையும் வாசித்தேன்.

அவர் என்னை ஏசவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ எழுதினத மட்டும் இன்னொருக்கா வாசிங்க காக்கா."

வாசித்தேன். எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை.

ஜனாஸா அங்கேயே அடக்கம். இன்று பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு எங்கள் பள்ளியில், உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகை இருக்கிறது. வரக்கூடியவர்கள் வாருங்கள்.

இதில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இனித் திருத்த ஆள் இல்லை.

அல்லாஹ் உங்களைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கட்டும், டீச்சர்.