லேப் மெஷினை அணைச்சா ஆஸ்பத்திரியே அணைஞ்சுரும்

தனி செர்வர் வேணுமா, சும்மா ஒரு கம்ப்யூட்டர் ஃபோல்டரை எல்லாருக்கும் ஷேர் போட்டாப் போதுமான்னா கேட்டீங்க? ஏனுங்க, இந்த நெட்வொர்க் தொழில்ல யோசனையை நம்மகிட்ட கேப்பாங்க, கேட்டுட்டு வேற ஒண்ணைச் செய்வாங்க. நீங்களும் ஒயரு இழுத்தவங்கன்னா பட்டிருப்பீங்க.

மேனேஜர் யோசனை

நான் நெட்வொர்க் பாக்கற இந்த மலை ஆஸ்பத்திரிக்கு எஸ்டேட் ஆளுங்கதான் நொம்ப வருவாங்க. சீட்டு போடற எடம், லேப், மருந்து, டாக்டர் ரூம்னு நாலு கம்ப்யூட்டர். எப்பவும் ஓடற மாதிரி தனியா ஒரு மெஷின் வைங்க, ஃபைலெல்லாம் அதுல இருக்கட்டும்னேன். மேனேஜரு லேப் கம்ப்யூட்டர்லயே ஒரு ஃபோல்டரை எல்லாருக்கும் தொறந்து உடச் சொன்னாரு. ரிசல்ட்டு பிரிண்டு எடுக்கறதையும் நிறுத்திட்டாரு. லேப் மெஷினை அணைச்சா எல்லாருக்கும் போயிருமேன்னேன்.

"அதை எவன் அணைக்கப் போறான்?"

இடி

மலையில இடி இடிச்சா எல்லா ஊட்டுலயும் மொதல்ல ப்ளக்கை உருவுவாங்க. லேப்காரரும் அதான் செஞ்சாரு. உருவிட்டு, ரூமைப் பூட்டிட்டு, சாப்பிடப் போயிட்டாரு. டாக்டர் முன்னாடி பழனியம்மா. தலைச்சோலையில காப்பி பறிக்கறவங்க, காய்ச்சல்ல தொவண்டு கெடக்கறாங்க. ரத்தத்துல பிளேட்லெட் எத்தனைன்னு பாக்கோணும். ரிசல்ட்டு பூட்டின ரூமுக்குள்ள. லேப்காரருகிட்ட போன்ல கத்தினேன்.

"மெஷின் எரிஞ்சா நீங்களா வாங்கித் தருவீங்க?"

அந்தாளைத் திட்டவும் நாயமில்ல. அதுதான் இன்னும் எரிச்சல்.

சுத்தம்

இடி நின்னு, லேப்காரரு வந்து, ரிசல்ட்டைப் பாத்து, பெட்டுல சேத்தாங்க. மறுநாள் வந்தது வேற டாக்டர், மொத டாக்டரு நம்பரை எங்கயும் எழுதி வைக்கல. பிளேட்லெட் ஏறுதா எறங்குதான்னு சொல்ல நேத்து ரிசல்ட்டு வேணும். காணோம். சீட்டு போடற பொண்ணு, கம்ப்யூட்டர்ல எடமில்லைன்னு ஃபோல்டரைச் சுத்தமா அழிச்சிருச்சு. ஷேர்ல அழிச்சது குப்பைத்தொட்டிக்கும் வராது, போனது போனதுதான்.

"என் கம்ப்யூட்டர்லதானுங்கண்ணா அழிச்சேன், லேப்புல எப்புடிப் போவும்?"

ஜீப்பு

கணக்கு தெரியாம வச்சிருக்க முடியாதுன்னு டாக்டர் சேலத்துக்கு அனுப்பிட்டாரு. பழனியம்மாவைப் படுக்க வச்சுக்கிட்டு ஜீப்புல கெளம்பறப்ப, அவங்க ஊட்டுக்காரரு சத்தம் போடாமத்தான் கேட்டாரு. எனக்குத்தான் மூஞ்சியை வைக்க எடமில்ல.

"பேப்பர்ல குடுத்திருந்தா நாங்க மடியில வச்சிருப்போமுங்களே?"

பொழச்சு வந்துட்டாங்க. அது சேலத்து டாக்டருங்க புண்ணியம், எங்க நெட்வொர்க்குக்கு அதுல பங்கில்ல.

ஆக, நாலு பேரு நம்பற ஃபைலை ஒருத்தரு மேசையில வச்சா, அவரு மதிய சாப்பாடுதான் ஆஸ்பத்திரியோட ஷட்-டவுன் பட்டன்.

இருங்க, நர்சம்மா கூப்பிடறாங்க.

"அண்ணா, சீக்கிரம் வாங்க! ஃபைலெல்லாம் வைக்கன்னு நேத்து நீங்க வச்ச புது மெஷினை மேனேஜரு அவரு ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி படம் பாத்துட்டிருக்காரு!"

வர்றனுங்க.