நான்கு ஜன்னலுக்கு ஒரே கைப்பிடி

என் சமையலறை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கும் காய்ச்சல் மருந்து ஊற்றும் சின்ன மூடிக்கும் நடுவில், ஒரு கார் ஜன்னலின் கைப்பிடி கிடக்கிறது. பழைய கார்களில் கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றுவோமே, அந்தக் கைப்பிடி. முனையிலுள்ள கறுப்புக் குமிழ் தேய்ந்து புளியங்கொட்டை போல வழவழப்பாகிவிட்டது. அதைத் தேய்த்ததில் என் விரல்களுக்குப் பங்கு உண்டு. பல வருடங்கள் கழித்து என் மகளின் விரல்களுக்கும். போன மாதம் ஒருவர் இதைக் கேட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். நான் எளிதில் கோபப்படுகிறவள் இல்லை. கோபம் வந்தால் அது நியாயம்தானா, எதிராளி பக்கம் ஏதாவது இருக்குமோ என்று யோசித்து யோசித்தே அதை ஆறிய காப்பியாக்கிக் கீழே ஊற்றிவிடுகிறவள். இந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை.

கைப்பிடி கார் மாமாவுடையது. மயிலாப்பூரிலிருந்து கோபாலபுரத்துப் பள்ளிக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். நொச்சிக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராக இருந்து, வக்கீல் புது வண்டி வாங்கியபோது பழையதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லித் தானே எடுத்துக்கொண்டாராம். வெளிர்பச்சை நிறம், உருண்டை மூக்கு, தூக்கிய பின்பக்கம். கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் முன்னால் குறுக்கே எதுவும் கிடையாது, ஒரே நீள சீட். அதில் மாமாவோடு மூன்று பொடிசுகள், பின்னால் ஐந்து பேர், மடிகளிலும் கால்களுக்கு இடையிலும் பைகள், எல்லார் மீதும் எலுமிச்சை சாத வாசனை.

அந்த வண்டியின் உள்பக்கம் ஒரு கதவிலும் பிடி இருக்காது. ஜன்னல் கைப்பிடிகளும் இருக்காது. எல்லாவற்றையும் மாமா கழற்றிவிட்டிருந்தார். பள்ளி வந்ததும் தன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்து இறங்கி, நடைபாதைப் பக்கமாகச் சுற்றி வந்து, கதவை வெளியிலிருந்து திறந்து ஒவ்வொருவராக இறக்கிவிடுவார். எங்கள் பக்கக் கண்ணாடிகள் நாலு விரல் அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். காற்று வரும், தலை போகாது. நான்கு ஜன்னலுக்கும் பொதுவாக ஒரே ஒரு கைப்பிடியை வைத்திருந்தார். மழை வந்தாலோ யாருக்காவது குமட்டினாலோ அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அந்த ஜன்னலோரப் பிள்ளையிடம் கொடுப்பார். அது மாட்டிச் சுற்றிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிறந்தநாள் பிள்ளைக்கு அன்று முழுவதும் கைப்பிடியை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. எங்களுக்கு அதுதான் பெரிய பதவி. ஏன் மாமா எல்லாத்தையும் கழட்டிட்டீங்க என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன்ன மாரி வாலுங்களுக்கோசரந்தான்" என்றார். தினமும் வண்டியைக் கிளப்பும்போது ஒரு வாசகம் சொல்வார்: "கையி உள்ளாற, தல உள்ளாற. வாய மட்டும் எவ்ளோ வேணா தொறந்துக்கோ." நாங்கள் எட்டு பேரும் ஊர் அதிரக் கத்துவோம்.

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அதே வண்டி அதே தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன், உடனே பயப்பட்டேன். சீட் பெல்ட் இல்லாத வண்டி. பிரேக் எப்படியோ? "நீயே அதுலதான போய்ட்டு வந்த, உனக்கு என்ன ஆச்சு?" என்றார் என் கணவர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் மகளுக்கும் ஆகாது என்பதற்கு எப்படி உத்தரவாதம்? சேர்த்தும்விட்டேன், முதல் வாரம் முழுவதும் ஸ்கூட்டரில் காரின் பின்னாலேயே போகவும் செய்தேன். லஸ் சிக்னலில் ஒருநாள் மாமா தலையை வெளியே நீட்டினார். அந்த விதி அவருக்குக் கிடையாது போலும். "இன்னா பாப்பா, இன்னாத்துக்குப் பெட்ரோல வீணாக்கினு கீற? நீயும் ஏறிக்கோ, முன்சீட்ல எடம் கீது." வண்டிக்குள் இருந்த அத்தனை பிள்ளைகளும் சிரித்தன. என் மகள் அவமானத்தில் குனிந்துகொண்டாள். அத்தோடு பின்தொடர்வதை நிறுத்தினேன்.

பிறகு ஒரு சினிமாப் படம் வந்தது. கதாநாயகன் இதே ஜாதி வண்டியைக் கறுப்படித்து, சக்கரத்தைப் பெரிதாக்கி, டயர் புகையக் குறுக்கே திருப்பி நிறுத்தி இறங்குவார். ஊரே அந்தக் காட்சியைச் செல்போனில் ஓட்டிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் மஸில் கார் என்று அதற்கு ஒரு பேர் வேறு. மேம்பாலம் ஏறும்போது எங்களையெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே ஏறிய வண்டிக்கு மஸில்! பழைய இரும்புக்காரர்கூட யோசித்துத்தான் எடுப்பார் என்றிருந்த வண்டிகளுக்குப் புதுக் காரைவிட அதிக விலை சொன்னார்கள். வாங்குகிறவர்கள் யாரும் ஓட்டப்போவதில்லை. உறை போட்டு மூடிவைக்கிறார்கள், அடுத்த வருடம் இன்னும் ஏறும் என்று காத்திருக்கிறார்கள், கல்யாணப் புகைப்படத்துக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு நடிகர் மூன்று நிமிடம் ஓட்டியதால் மதிப்பு வந்துவிட்டதாம். ஒரு மனிதர் முப்பது வருடம் பிள்ளைகளை ஏற்றி ஓட்டியது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

தரகர்கள் மாமாவை மொய்த்தார்கள். ஒருநாள் மாலை என் மகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு பையன் பைக்கை நிறுத்தி, "நைனா, வண்டிய குடு நைனா. கேக்குற துட்டு தரேன். ஹீரோ வண்டி இது" என்றான். மாமா கதவைச் சாத்திவிட்டு நிதானமாகக் கேட்டார்: "உள்ள கீற பசங்களயும் சேத்து எட்த்துக்கிறியா? டிபன் பாக்ஸோட?" பையன் சிரித்துவிட்டுப் போனான். மாமா என்னிடம் சொன்னார்: "வித்துட்டு இன்னா பாப்பா பண்றது? காலைல ஏழு மணிக்கு எழுந்து நான் எங்க போறது?"

அடுத்ததாக வந்தவர் தரகர் இல்லை. எங்கள் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின். பெருங்குடியில் பெரிய வேலை. அவருடைய மகனும் அதே காரில்தான் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் காலை குழுவில் நீளமாக எழுதினார். ஒரு அப்பாவாகக் கேட்கிறேன், என்று ஆரம்பித்தார். சீட் பெல்ட் இல்லை, ஏர்பேக் இல்லை, வண்டிக்கு நம்மைவிட வயது அதிகம், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? எதிலும் பொய் இல்லை. நான் இரவெல்லாம் புரண்டுகொண்டு நினைத்த அதே விஷயங்கள். அதனால்தான் எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. மாமா எல்லாக் கைப்பிடியையும் கழற்றி வைத்திருக்கிறாரே, இவ்வளவு காலம் ஒரு கீறல்கூட இல்லையே என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன். அதற்குள் ஏழெட்டுக் கைகூப்பிய படங்களும் "சரியாகச் சொன்னீர்கள் சார்"களும் வந்துவிட்டன. ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை வேனுக்கு மாற்றினார்கள். அட்மின் தன் மகனைத்தான் முதலில் நிறுத்தினார். மாத முடிவில் அந்த நீள சீட்டில் என் மகள் மட்டும் இருந்தாள். நானும் நிறுத்திவிடலாமா என்று தினமும் காலையில் நினைத்தேன், தினமும் அவளை ஏற்றி அனுப்பினேன். ஒரே ஆள் என்பதால் கைப்பிடி எப்போதும் அவளிடமே இருந்தது. பைக்குள் வண்ணப் பென்சில்களோடு வைத்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாமா வீட்டு வாசலுக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. "பாப்பா, ரெண்டு வாரம் வண்டி வராது. பெல்ட் மாட்டப் போவுது. எல்லா சீட்டுக்கும்." யார் மாட்டுகிறார்கள் என்றேன். "நம்ம அட்மின் சாருதான். அவரு பேருக்கு மாத்திகினாத்தான் இன்சூரன்சு, பேப்பரு எல்லாம் ஈசியாம். வண்டி அவர்து, ஓட்றது நானு. திரும்ப எல்லாப் பசங்களயும் அவரே கூப்ட்டு சேக்கறேன்னாரு."

"எழுதி வாங்கினீங்களா மாமா?"

"போ பாப்பா. அவரு புள்ள வாந்தி எட்த்தப்ப என் துண்டாலதான் தொட்ச்சேன். அவராண்ட போயி எழுதிக் குடுன்னு கேக்கறதா?"

விலையாக என்ன கொடுத்தார் என்று கேட்டேன். பெல்ட் செலவைக் கழித்துக்கொண்டு ஒரு தொகை சொன்னார். படம் வருவதற்கு முந்தைய விலை அது. தரகர்கள் என்ன கொடுப்பதாகச் சொன்னார்கள் என்பது மாமாவுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் குறைத்துக் கொடுத்திருக்கிறார், வண்டி பிள்ளைகளிடமே இருக்கும் என்ற நம்பிக்கைக்காக.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. மாமா போன் செய்தால் அட்மின் மீட்டிங்கில் இருந்தார். பிறகு எடுப்பதையே விட்டுவிட்டார். என் மகளின் பையிலேயே தங்கிவிட்ட கைப்பிடியை நான் எடுத்து இழுப்பறையில் போட்டேன். மாமா இப்போது குப்பத்துக்கு ஐஸ் பெட்டிகள் கொண்டுவரும் சின்ன டெம்போவை, வேறு ஒருவருடையதை, ஓட்டுகிறார். நான் என் மகளை ஆட்டோவில் விடுகிறேன். இரண்டு பக்கமும் திறந்த ஆட்டோ. அதில் போவது பாதுகாப்பா என்று குழுவில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அட்மின் குழுவில் ஒரு படம் போட்டார். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை. மாமாவின் வண்டிதான்: கறுப்பு வண்ணம், பெரிய சக்கரங்கள், சினிமாவில் வந்த அதே கோணம். முன்சீட்டில் அவருடைய மகன் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்து இரண்டு கைகளையும் விரித்திருந்தான். கதவில் உள்பக்கம் பளபளவென்று புதுக் கைப்பிடிகள். பெல்ட் எங்கேயும் இல்லை. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன், இல்லை. கீழே வரிசையாக இதயங்கள். ஒரு அம்மா, "ஹீரோ வந்துட்டாரு!" என்று எழுதியிருந்தார். பெல்ட் இல்லை என்று சொல்லித் தன் பெண்ணை முதல் வாரத்திலேயே நிறுத்தியவர் அவர்.

அன்று இரவே அட்மின் எனக்குத் தனியாக எழுதினார். ஒரிஜினல் கைப்பிடி ஒன்று உங்கள் மகளிடம் இருப்பதாக டிரைவர் சொல்லியிருந்தார், சந்தையில் கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட், அது கிடைத்தால் வண்டியின் மதிப்பு முழுமையாகும், ஆள் அனுப்பட்டுமா? டிரைவர் என்றுதான் எழுதியிருந்தார்.

நியாயப்படி அது வண்டியோடு சேர்ந்ததுதானே, கொடுக்காமல் வைத்திருப்பது சரியா என்று அப்போதும் எனக்கு ஒரு குழப்பம். மறுநாள் குப்பத்துக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனில் இருந்த படத்தைப் பார்த்தார். வண்ணத்தையும் சக்கரத்தையும் அவர் கண் தாண்டிப் போனது. விரலால் பையனைத்தான் தொட்டார்.

"இவன் ஜன்னலோரம் ஒக்காந்தா எட்டிப் பாப்பான் பாப்பா. அதான் எப்பவும் நடுவுல குந்த வெப்பேன். அந்தப் பக்கம் கீற புடி ரெண்டயும் இன்னிக்கே கழட்டச் சொல்லு. மொதல்ல கதவு புடிய."

"நம்ம கைப்பிடிய கேக்கறாரு மாமா. கொடுத்துடவா?"

"அத உன் பொண்ணாண்டதான குட்த்தேன்" என்றார். பெட்டியைத் தூக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அட்மினுக்குத் தனியாக எழுதாமல் குழுவிலேயே எழுதினேன். உங்கள் மகன் பக்கம் இருக்கும் கதவுப் பிடியையும் ஜன்னல் கைப்பிடியையும் இன்றே கழற்றிவிடுங்கள், கார் மாமா சொல்லச் சொன்னார். எல்லா சீட்டுக்கும் பெல்ட் மாட்டி வண்டியைப் பிள்ளைகளுக்காக அவரிடமே ஓட்டக் கொடுப்பதாகச் சொல்லித்தானே குறைந்த விலைக்கு வாங்கினீர்கள்? பெல்ட் எங்கே? ஒரு அம்மாவாகக் கேட்கிறேன். வழக்கம்போல விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அழிக்கவில்லை.

எல்லாரும் படித்தார்கள். நீலக் குறிகள் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மா, நாளைக்குக் கைவேலை வகுப்புக்குத் தெர்மாகோல் கொண்டுபோகணுமா என்று கேட்டார். அதற்கு உடனே நான்கு பதில்கள் வந்தன. ஐந்தாவது வருவதற்குள் அட்மின் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

இப்போது வீட்டுப்பாடம் என்னவென்று தெரிந்துகொள்ள இன்னொரு அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. என்னால் என் மகள் வகுப்பில் தனித்துப்போய்விடுவாளோ என்று தோன்றுகிறது. அந்தப் பையன் பக்கம் இருக்கும் பிடிகளைக் கழற்றினார்களா என்பதும் தெரியவில்லை. கண்ணில் படும் கறுப்பு வண்டிகளில் எல்லாம் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். காலையில் ஆட்டோ கிளம்பும்போது என் மகள் தானாகவே, கையி உள்ளாற, தல உள்ளாற, என்கிறாள். நான் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

கைப்பிடி இழுப்பறையில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு ஆள் வந்தால் கொடுக்கக் கூடாது என்று இன்றைக்கு உறுதியாக இருக்கிறேன். நாளைக்கும் இருப்பேனா என்று என்மேல் எனக்கே சந்தேகம். அதனால் நேற்று அதை எடுத்து என் மகளின் பையில், வண்ணப் பென்சில்களுக்கு அடியில், பழைய இடத்திலேயே வைக்கப் போனேன். அவள் வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து, இல்லாத ஒரு ஜன்னலை மும்முரமாகச் சுற்றி ஏற்றினாள். ஏற்றி முடித்ததும், "இந்தாங்க, மாமாகிட்ட திருப்பிக் குடுங்க" என்று என் கையில் வைத்தாள்.