மாட்டுப் பவுண்டில் ஒரு மாடு

மந்தைவெளி மாட்டுப் பவுண்டின் காவலர் பொன்ராஜின் பணி வரலாற்றில் ஒரு கறை கிடையாது. தெருவில் திரியும் மாடுகளை அடைத்து, உடையவர் அபராதம் கட்டி மீட்கும்வரை காப்பது பவுண்டின் வேலை. கடந்த பதினான்கு ஆண்டுகளில் அவர் காவலிலிருந்து ஒரு மாடுகூடத் தப்பியதில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒரு மாடுகூட உள்ளே வந்ததில்லை என்பதைப் பொறாமைக்காரர்கள் சுட்டிக்காட்டலாம். பிடிபடும் மாடுகளை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோவதென்று மாநகராட்சி மேலிடம் முடிவெடுத்தபோது, காவலரை என்ன செய்வதென்று முடிவெடுக்க மறந்துவிட்டது. பொன்ராஜும் நினைவூட்டவில்லை. தினமும் பத்து மணிக்கு இரும்புக் கதவைத் திறந்தார். ஐந்து மணிக்குப் பூட்டினார். நடுவில் காலி முற்றத்தைக் கண்காணித்தார்.

பவுண்டின் மூலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் காவலர் குடியிருக்கும் அறை. அதன் தெருப்பக்க ஜன்னலில் அவர் மனைவி முத்துமாரி காலையில் இடியாப்பம் விற்றாள். பஸ் டிப்போ ஊழியர்களில் பாதிப் பேர் அந்த ஜன்னலில் கைநீட்டாமல் வண்டியை எடுப்பதில்லை. அறை போனால் ஜன்னல் போகும். ஜன்னல் போனால், ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசு ஒதுக்கும் எட்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்து யாருக்கு இடியாப்பம் பிழிவது?

இந்தக் கேள்வியைச் சென்ற ஆவணியில் வந்த கடிதம் எழுப்பியது. பன்னிரண்டு மாதமாகப் பயன்பாட்டில் இல்லாத கட்டடங்களை உபரிச் சொத்தாக அறிவித்து ஏலம் விடப்போகிறார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வெங்கடேஷ் பார்வையிட வருவார். கூடவே பாரம்பரியக் கட்டடக் குழுவின் கல்யாணராமனும் வருவார். இவர் ஏலத்தை எதிர்ப்பவர் என்று கேட்டு முத்துமாரி ஒரு நாள் நிம்மதியாக இருந்தாள். மறுநாள்தான் தெரிந்தது: சுண்ணாம்புக் காரைச் சுவர்களைக் காப்பாற்றி, பவுண்டை மாட்டுப் பவுண்டுகளின் அருங்காட்சியகமாக்குவது அவர் கனவு. காவலர் அறை டிக்கெட் கவுன்டராகும்.

விற்றாலும் போகும், காத்தாலும் போகும் என்ற நிலையில் மிஞ்சியது ஒரே வழி. பவுண்டு பயன்பாட்டில் இருக்க வேண்டும். அதற்கு மாடு வேண்டும்.

பின்சந்தில் மூன்று மாடு வைத்துப் பால் கறக்கும் காவேரியிடம் பொன்ராஜ் போனார்.

“இன்னா நைனா, மாட்ட வாடகைக்குக் கேக்குற? ஷூட்டிங்கா?”

“ஒரே ஒரு காலையிலதான் காவேரி. பதினோரு மணிக்கு ஓட்டிக்கினு போய்டு.”

காவேரி கோமளா என்ற செவலைப் பசுவைக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு இடியாப்பம் இலவசம் என்பது ஒப்பந்தம்.

செவ்வாய்க்கிழமை கோமளா முற்றத்தில் நின்று அசைபோட்டது. திட்டம் அத்தோடு நின்றிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் பதிவில்லாத மாடு பவுண்டுக்குள் நிற்பதைப் பொன்ராஜின் மனசாட்சி ஏற்கவில்லை. பதினான்கு வருடமாகத் தூசி மட்டும் தட்டி வைத்த பதிவேட்டை எடுத்தார். புதுப் பேனா வாங்கினார். நிறம் செவலை, கொம்பு இரண்டு, பிடிபட்ட இடம் பஸ் டிப்போ வாசல், பிடிபட்டபோது செய்துகொண்டிருந்தது பேனரைத் தின்றது என்று எழுதினார். கோமளா அதை எல்லா நாளும் செய்யும். அன்று மட்டும்தான் செய்யவில்லை. எழுதியதை இருமுறை படித்துப் பார்த்து, மை காயும்வரை ஊதினார்.

வெங்கடேஷ் வந்தார், மாட்டைப் பார்த்தார், பதிவேட்டைக் கேட்டார். பதிவேட்டைப் பார்த்தால் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பழக்கம். போட்டார்.

கல்யாணராமனுக்குத்தான் தாங்கவில்லை. மாட்டுப் பவுண்டுகள் குறித்து முப்பது வருடம் ஆராய்ந்தவர், முதல்முறையாகப் பவுண்டுக்குள் ஒரு மாட்டைப் பார்க்கிறார். அதுவோ காரையை நக்கிக்கொண்டிருந்தது.

“இதை யாரு ஸ்வாமி இங்க கொண்டுவந்து கட்டினா? நூறு வருஷத்துச் சுவத்தை நக்கிண்டே இருக்கு. முதல்ல வெளில விடுங்கோ.”

வெங்கடேஷுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. காலி பவுண்டுதான் ஏலத்துக்குத் தோது. பதினோரு மணிக்குக் காவேரியும் கயிற்றோடு வந்தாள். மூவரும் ஒரே கருத்தில் இருந்த அந்த அரிய நொடியில், அபராத ரசீது இல்லாமல் அடைபட்ட மாட்டை விடக்கூடாது என்று விதி இருப்பதைப் பொன்ராஜ் பணிவோடு தெரிவித்தார். தந்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்; அவர் உண்மையிலேயே கலங்கிப்போய்த்தான் சொன்னார்.

அபராதத்தை நானே கட்டுகிறேன், ரசீதைக் கொடும் என்றார் வெங்கடேஷ். ரசீதுப் புத்தகங்களைப் பதினான்கு வருடத்துக்கு முன் கிடங்குக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. பெற்றுக்கொண்டதற்கான சீட்டைப் பொன்ராஜ் காட்டினார். பெற்றுக்கொண்டவர், அப்போது கிடங்கில் எழுத்தராக இருந்த வெங்கடேஷ். புதிதாக அச்சடிக்கலாமென்றால், உபரிப் பட்டியலுக்குப் போகவிருக்கும் சொத்துக்கு எதையும் அச்சடிக்க அனுமதியில்லை.

“என் மாட்ட என்கிட்ட குடுக்க உனுக்கு இன்னா புக்கு வேணும்?” என்று காவேரி வெங்கடேஷை நெருங்கினாள். “நீ கையெழுத்துப் போட்டா நான் பால் ஊத்துற வீட்டுக்கெல்லாம் நீ வந்து பதில் சொல்றியா? சொல்லு நைனா.”

வெங்கடேஷ் இரண்டடி பின்வாங்கிச் சாணத்தை மிதித்தார். அங்கே நின்றபடியே கோப்பில் எழுதினார்: மேற்படி மாட்டின் விவகாரம் முடியும்வரை மேற்படி பவுண்டு உபரி ஆகாது. கல்யாணராமன் தம் பங்குக்கு, கட்டடம் முழுவதும் மாடு நீங்கலாகப் பாதுகாக்கத்தக்கது என்று எழுதிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

காவேரி இரண்டு நாள் தெருவில் நின்று பொன்ராஜின் பரம்பரையைப் பற்றிப் பேசினாள். மூன்றாம் நாள் முத்துமாரி அவளை ஜன்னலுக்குக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைப் பொன்ராஜையே படித்துக் காட்டச் சொன்னாள். அடைபட்ட மாட்டுக்குத் தீவனம் நிர்வாகத்தின் செலவு. பாலை உடையவர் கறந்துகொள்ளலாம். காவேரி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். மிச்ச ரெண்டையும் எப்ப புடிக்கப் போற என்று கேட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவகாரம் முடிந்ததா என்று கடிதம் வருகிறது. நிலுவையில் உள்ளது என்று பொன்ராஜ் பதில் போடுகிறார். மாசியில் கோமளா கன்று போட்டது. பொன்ராஜ் பதிவேட்டைத் திறந்து, பிடிபட்ட இடம் என்ற கட்டத்தின் முன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் “பவுண்டுக்குள்” என்று எழுதினார்.

“இதுக்கும் தனியா ரசீது வேணுமா?” என்று இடியாப்பம் பிழிந்தபடியே முத்துமாரி கேட்டாள்.

வேணும் என்றார் பொன்ராஜ். அப்படியானால் நிலுவை இரண்டாயிற்று என்று அவள் மாவை இன்னும் ஒரு படி கூட்டிப் பிசைந்தாள்.