தேரன்று எனக்குத் துடக்கில்லை

தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நாட்டு அரசனுக்கு முடிசூட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவன் மனைவி. அரச குலத்தில் பிறக்காதவளாம், சாதாரண வீட்டுப் பெண்ணாம். மாமியிடம் வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உம்மைப் போலதான் பிள்ளை. எங்கையிருந்து எங்கை வந்திட்டீர்!"

பாராட்டுகிறாராம். தேத்தண்ணிக் கோப்பையை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பெருந்தன்மை.

நான் வடகரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கம்பசில் படிக்கும்போது என் கணவரை விரும்பிக் கட்டினேன். அவருடைய வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஊர்க்கோயிலை நடத்துகிறவர்கள். திருவிழாவுக்குக் கொடியேறினால் அவர் கையில் காப்பு, தலையில் பரிவட்டம். வெற்றிலையும் பழமும் வைத்த முதல் காளாஞ்சி எங்கள் இருவருக்கும்தான். பட்டும் நகையுமாக நான் வந்தால் ஊரே "வாங்கோ அம்மா" என்று வழிவிடும்.

வீட்டுக்குள் கதை வேறு. கோயிலுக்கு மோதகம் செய்யப் பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்காருவார்கள். நானும் போய்க் குந்தினால் மாமி பதறுவார். "நீ விடு பிள்ளை, கை நோகும்." மீன் வெட்டிப் பழகிய கைக்கு மாவுருண்டை நோகுமாம்! உண்மைக் காரணத்தை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இந்த மரியாதையை என்ன செய்வது?

என் ஐயா ஒரேயொரு தரம்தான் இந்த வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணி கொடுத்தார்கள். "நல்லா இருக்கிறியே பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் ஐயா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அடுத்த தேர்த் திருவிழா. காலையில் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது அண்ணை போன் எடுத்தார்.

"ஐயா எங்களை விட்டிட்டுப் போட்டார் தங்கச்சி. விடியப்புறம் நெஞ்சைப் பிடிச்சவர். பின்னேரம் பிரேதம் எடுக்கிறம். நீ வாய்க்கரிசி போடவேணும், கெதியா வா."

நான் குழறி அழத் தொடங்கவே மாமி கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாதை, காப்புக் கட்டின வீடு. அங்கை போனால் செத்தவீட்டுத் துடக்கோடை திரும்பி வருவாய். பிறகு அவன் எப்பிடித் தேருக்கு முன்னாலை நிக்கிறது? நீ இப்ப எங்கடை ஆள். அங்கத்தைத் துடக்கு உனக்கில்லை."

எங்கடை ஆள். எத்தனை வருடமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். என் தகப்பன் செத்த அன்றுதான் அது கிடைத்தது.

கணவர் என் தோளைத் தொட்டார். "தேர் வீதி சுத்தி இருப்புக்கு வரட்டும். நான் உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்."

நம்பினேன். தேர் வடக்கு வீதியில் சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. ஆட்கள் அரோகரா போட்டு இழுத்தார்கள். நான் காளாஞ்சித் தட்டோடு வெயிலில் நின்றேன். யாரோ ஒரு பெண் காதருகே, "மகாராணி மாதிரி இருக்கிறியள் அம்மா" என்றாள். தேர் இருப்புக்கு வந்து, சாமி உள்ளே போகும்போது அண்ணை மறுபடி போன் எடுத்தார்.

"எடுத்திட்டம் தங்கச்சி. உன்னைப் பாத்துப் பாத்து நிண்டம்."

கணவர் பரிவட்டத்தைக் கவனமாக மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "நாளைக்குத் தீர்த்தமெல்லே. கொடி இறங்கட்டும்" என்றார். கொடி இறங்கியது. கடைசிப் படையலான வைரவர் மடையும் முடியட்டும் என்றார். அதற்குள் ஐயாவின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டார்கள்.

மடைக்கு முதல் நாள், வைரவருக்கு வடைமாலை செய்யப் பெண்கள் கூடத்தில் கூடினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். இப்போது நான் அவர்களின் ஆள் அல்லவா? உழுந்து மாவில் கை வைத்தேன். மாமி சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீ விடு பிள்ளை. உனக்குத் துடக்கெல்லோ."

கை நோகும் என்றுகூட இந்தமுறை சொல்லவில்லை.

"எப்ப துவங்கினது மாமி?" என்று கேட்டேன். எழுந்தேன். துடக்குக்காரி தன் செத்தவீட்டுக்குப் போக யாரிடமும் கேட்கத் தேவையில்லையே. மருதனார்மடச் சந்தியில் பஸ் ஏறினேன். மா கையிலேயே காய்ந்துவிட்டிருந்தது.

வீட்டில் ஐயாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சுளகில் அரிசி வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளினேன். போட வாய் இருக்கவில்லை.